கமலாசனியின் இருபத்தொரு அடி

முரசுமோட்டையில் கமலாசனி வீடு கட்டிய கதையைச் சாம்பலில் இருந்துதான் தொடங்க வேண்டும். கல்லும் சீமெந்தும் வந்தது ஆறு வருடம் கழித்து. அதற்கு முன்னால் அவள் குடியிருந்தது சாம்பல் வீட்டில்.

ஐம்பத்திநாலாம் ஆண்டு புருஷன் இளையதம்பியோடும் கைக்குழந்தையோடும் கோண்டாவிலில் ரயிலேறிப் பரந்தனில் இறங்கினாள். குடியேற்றத் திட்டத்தில் அவர்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. தடி நட்டுக் கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் போட்டார்கள். மறுநாள் காலை அடுப்புச் சாம்பலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய், துப்புரவாக்கின தரையில் கோடு போடத் தொடங்கினாள் கமலாசனி. இது மண்டபம். இது ஓர் அறை, இது மற்ற அறை. இது குசினி. குசினிக்கு றோட்டைப் பார்த்தபடி ஒரு யன்னல். சாம்பல் முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நின்று தன் வீட்டைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருமில்லாத காட்டில் தனியாக நின்று சிரித்தாள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. கோண்டாவிலில் இளையதம்பியின் குடும்ப வீட்டில் நான்கு அண்ணன் தம்பிமார், நான்கு குடும்பம், ஒரே குசினி. அதில் கமலாசனி கடைசி மருமகள். மற்ற மூன்று மச்சாள்மாரும் சமைத்து முடித்து, விறகும் தணலும் தீர்ந்த பிறகுதான் அவளுடைய முறை வரும். பிள்ளைக்கு ஒரு மிடறு பால் காய்ச்சவும் மூன்று முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு ட்றங்குப் பெட்டியும் அதை வைக்க ஒரு மூலையும்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு யன்னலோடு முழுக் குசினி! சாம்பலாக இருந்தால் என்ன?

அந்தச் சாம்பல் வீட்டை அவள் விளையாட்டாக நினைக்கவேயில்லை. வண்டிக்கார ஏரம்பு ஒருநாள் விறகு இறக்க வந்து, நேரே மண்டபத்துக்குள் நடந்துவிட்டார்.

"ஏரம்பண்ணை, அது சுவர்! சுவருக்குள்ளாலையே வாறியள்? வாசலாலை வாங்கோ!"

"எனக்குச் சுவர் தெரியேல்லைப் பிள்ளை."

"தெரியாட்டில் குனிஞ்சு பாருங்கோ."

ஏரம்பு பாவம், திரும்பிப் போய் வாசலால் வந்தார். அதுமட்டுமல்ல, இல்லாத வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தும் வந்தார். அன்றிலிருந்து அந்த வளவுக்கு வருகிற எல்லாரும் வாசலால்தான் வந்தார்கள். ஒரு மாரியில் யானை ஒன்று மட்டும் மரியாதை தெரியாமல் மண்டபத்தின் நடுவில் கால் பதித்துவிட்டுப் போயிருந்தது. "பெரிய இடத்து விருந்தாளி, விடு" என்றான் இளையதம்பி. மழை வந்து கோட்டை அழிக்கும். வெயில் எறித்ததும் அவள் மறுபடி போடுவாள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வீடு கொஞ்சம் பெருத்தது. இளையதம்பியும் போகம் முடிந்து ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் வயல் களியில் கல் அரிந்து சூளை வைத்து, வளவின் மூலையில் அடுக்கிக்கொண்டே வந்தான்.

இளையதம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். உழைப்பாளி. நெட்டையன், காலும் அதற்கேற்ற நீளம். குறை ஒன்றே ஒன்று. எதைக் கேட்டாலும், "அண்ணையை ஒருக்காக் கேப்பம்" என்பான். மாட்டுக்குக் கழிச்சல் என்றாலும் அண்ணை. மகள் விமலேஸ்வரியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றாலும் அண்ணை. அண்ணை என்பது மூத்தவர் ஐயாத்துரை. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பிமாரை வளர்த்து ஆளாக்கியவர். தபால் கந்தோரில் வேலை, கையில் எப்போதும் பஞ்சாங்கம். தன் கடைசித் தம்பி யானை திரிகிற இடத்தில் குடியிருக்கிறானே என்ற ஏக்கம் அவருக்குத் தீரவேயில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: உன் அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறது, வந்துவிடு.

அறுபதாம் ஆண்டு கல் போதுமென்றானதும் இளையதம்பி வீடு கட்டப்போவதாக அண்ணைக்கு எழுதினான். பதில் இரண்டு தாளில் வந்தது. வீடு கிழக்குப் பார்க்க வேண்டும். அகலம் முப்பது, அதை மேசன் தன் அடிக்கோலால் அளக்கட்டும். ஆனால் முன்னிருந்து பின்வரை நீளம் இருபத்தொரு அடி, அதை வீட்டுக்காரரின் வலது காலடியால்தான் அளக்க வேண்டும். மனையடிக் கணக்கு பிழைத்தால் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. புதுவீடு புகுகிற குடிபூரலன்று தானே வந்து அளந்து பார்ப்பேன், பிழைத்திருந்தால் பால் காய்ச்ச விடமாட்டேன், வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் என்னோடு கோண்டாவிலுக்கு வந்துவிட வேண்டும், சம்மதமா என்று கேட்டிருந்தார்.

"என்ன எழுதப்போறியள்?" என்று கேட்டாள் கமலாசனி.

"அப்பிடியே அண்ணை எண்டுதான்."

அப்படியே அண்ணை என்றே எழுதினான். கமலாசனிக்குக் கோபம் வரவில்லை. இருபத்தொரு அடிதானே, அளந்து கட்டினால் போச்சு. அவளுக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் அத்திவாரத்துக்கு நேரம் குறித்து அனுப்பினார் ஐயாத்துரை. மேசன் முல்லைத்தீவில் இருந்து வந்தார். பெயர் இராயப்பு. அவருடைய தகப்பன், பாட்டன், அண்ணன் தம்பி எல்லாரும் கடற்றொழில். இராயப்புக்கு மட்டும் தோணியில் ஏறினால் குடல் வாய்க்கு வரும். அதனால்தான் அசையாத தொழில் ஒன்றைப் பழகிக்கொண்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கோயில் கட்டின கைகாரன். மனையடி சாஸ்திரம் மட்டும் அவருக்குப் புதிது.

அந்த வாரம் இளையதம்பி, கூரையைத் தாங்கும் வளைகளைப் பாலை மரத்தில் வெட்டுவதற்காக ஏரம்புவின் வண்டியில் அக்கராயன் பக்கம் போயிருந்தான். கவனமான ஆள் அல்லவா, தன் வலது காலடி நீளத்துக்கு ஒரு தடி வெட்டி, அதையும் கையோடு கொண்டு போயிருந்தான். புதன்கிழமை திரும்பியிருக்க வேண்டும். வியாழன் விடிந்தது, வண்டியைக் காணோம். ஏழு மணியாயிற்று. ஏழே காலாயிற்று. வழியில் வண்டியின் அச்சு முறிந்து இரண்டு பேரும் அக்கராயன் குளத்தடியில் உட்கார்ந்திருந்த கதை பிறகுதான் தெரிந்தது.

"தங்கச்சி, நேரம் போகுது. கால் எங்கை?" என்றார் இராயப்பு.

கால் எங்கே! கமலாசனி வயலுக்கு ஓடினாள். சிறுபோகத்துக்கு உழுத சேற்றில் புருஷனின் காலடி எங்காவது பதிந்திருக்கும், அதை அளந்துகொண்டு வரலாம் என்ற நினைப்பு. வரம்பு வரம்பாகக் குனிந்து தேடினாள். ஒரே ஒரு அடி கிடைத்தது. அருமையான வலது கால், ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. குதிக்காலைத்தான் எருமை மிதித்துவிட்டது. இன்னொன்று தேட நேரமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தபோது ஏழே முக்கால்.

மூச்சு வாங்க நின்றவள் இராயப்புவின் முன்னால் தன் வலது காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள்.

"இதை அளவுங்கோ."

இராயப்பு அந்தக் காலைப் பார்த்தார். "தங்கச்சி, இது சின்னக் கால்."

"இரண்டு விரல்தானே வித்தியாசம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"கொஞ்சம் கூட்டி வெட்டட்டோ?"

அவள் யோசித்தாள். கூட்டினால் அது யாருடைய காலும் இல்லாத கள்ளக் கணக்காகிவிடும் அல்லவா? "கூட்டாதேங்கோ. கால் எண்டால் ஒரு ஆளின்ரை காலா இருக்க வேணும்."

இராயப்பு தடி வெட்டினார். அந்தத் தடியால் இருபத்தொரு தரம் அளந்து நூல் கட்டினார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கல் இறங்கிற்று. "இவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். இராயப்பு அந்தோனியார்மேல் ஆணையிட்டார். இரண்டு விரல் என்பது உண்மைதான். ஆனால் இரண்டை இருபத்தொன்றால் பெருக்க வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் படித்த அந்த மனுஷிக்கு அன்று தலையில் ஏறவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் வண்டி வந்தது. அண்ணை எழுதிய இருபத்தொரு அடிக்கு, இளையதம்பியின் காலடித் தடியால் அளந்து வெட்டின ஆறு வளையும் வண்டியில் கிடந்தன. தடியைக் காட்டிலேயே எறிந்துவிட்டு வந்திருந்தான். காலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டவனிடம், வயல் சேற்றில் உங்கள் காலடி கிடந்தது என்று மட்டும் சொன்னாள் கமலாசனி. அவன் அத்திவாரத்தைச் சுற்றி நடந்து பார்த்தான்.

"சின்னனாத் தெரியுது, என்ன?"

"அத்திவாரத்திலை எல்லா வீடும் சின்னனாத்தான் தெரியும்" என்றார் இராயப்பு, வானத்தைப் பார்த்தபடி.

பிறகு வந்த நாட்களைக் கமலாசனி சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். சாம்பல் கோட்டுக்கு மேலே சுவர் எழும்பியது. முழங்காலளவு வந்த அன்று அவள் மண்டபத்துக்குள் நின்று பார்த்தாள். இடுப்பளவு வந்தபோதும் பார்த்தாள். யன்னல் நிலை வைத்த அன்று, சுவரே முடியாத குசினியில் நின்று யன்னலால் எட்டி, றோட்டில் போன ஏரம்புவைக் கூப்பிட்டாள். ஏரம்பு என்னமோ ஏதோ என்று வண்டியை விட்டு ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. யன்னலாலை கூப்பிட்டுப் பாத்தனான்."

வேறு ஆள் என்றால் திட்டியிருப்பார். ஏரம்பு சிரித்துக்கொண்டு, "நல்லாக் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். சாந்து குழைத்ததும் அவள்தான், கல் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான். இராயப்பு ஒரு வரிசை கல் வைத்துத் திரும்புவதற்குள் அடுத்த வரிசைக்குக் கல் நிற்கும். "எனக்கு மூச்சு விட நேரம் தா தங்கச்சி" என்று அந்த மனுஷன் கும்பிட்டார்.

ஆடி முடிகிற நேரம் வளை ஏற்றினார்கள். முதல் வளையைப் பின்சுவரில் பொருத்தி முன்சுவரில் இறக்கினால், முன்சுவருக்கு வெளியே அது நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சநஞ்சமல்ல, ஒரு ஆள் கீழே நின்று வெயிலுக்கு ஒதுங்கலாம். இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே.

இளையதம்பி தலையைச் சொறிந்தான். "நான்தான் பிழை விட்டிட்டன் போலை. இருபத்தொண்டு எண்டு எண்ணிக்கொண்டு இருபத்திநாலு வெட்டிப்போட்டன்."

"ஆறிலையும் ஒரே பிழை. பிழையையும் ஒழுங்காத்தான் விட்டிருக்கிறியள்" என்றார் இராயப்பு. சொல்லிவிட்டு, அவசரமாக இருமினார்.

இளையதம்பி வாளை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். கமலாசனி அவனைத் தாண்டி ஏறி, சுவருக்கு மேலே போய், நீட்டிக்கொண்டிருந்த வளையில் இருந்துவிட்டாள். முழுப் பெண்பிள்ளை, எட்டு அடி உயரத்தில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு!

"இறங்கும், விழுந்து துலையப்போறீர்!"

"வெட்டமாட்டன் எண்டு சொல்லுங்கோ. இதிலை முன்னுக்கு ஒரு விறாந்தை இறக்குவம். ரெண்டு தூண் நட்டால் போதும்."

"விறாந்தை நாங்கள் நினைக்கேல்லையே."

"இப்ப நினைப்பம்!"

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாளைக் கீழே வைத்தான். அண்ணையைக் கேட்போம் என்று அன்று அவன் சொல்லவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. இறங்குகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நிலத்துக்குச் சீமெந்து இழுத்தார்கள். ஈரம் காயும் முன்பே இளையதம்பி மறதியாக ஒரு கால் வைத்துவிட்டான். வலது கால். எருமை மிதிக்காத, முழுதான காலடி. அவன் வயலுக்குப் போனபின் கமலாசனி, அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த தன் தடியை எடுத்து அந்த அடியில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் குறைந்தது. அந்தக் காலடி நீளத்துக்கு ஒரு தென்னோலை ஈர்க்கை ஒடித்து, வெளிச்சுவர் வழியே பின்மூலையில் இருந்து முன்மூலைவரை அளந்தாள். பதினெட்டு. மறுபடி அளந்தாள். அதே பதினெட்டு. அத்தான் ஐயாத்துரை அனுப்பின பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். பதினெட்டுக்கு நேரே, குடியிருப்பு நிலையாது என்று போட்டிருந்தது.

அவள் அந்தச் சீமெந்து நிலத்திலேயே குந்திவிட்டாள். சாஸ்திரத்துக்கு அவள் பயப்படவில்லை. யானை மிதித்தும் நிலைத்த வீடு அது. அத்தானுக்குத்தான் பயந்தாள். அதைவிட, "அப்படியே அண்ணை" என்ற இரண்டு சொல்லுக்குப் பயந்தாள். அத்தான் அளப்பார், பதினெட்டு என்பார், பூட்டு என்பார், இவன் பூட்டுவான். ட்றங்குப் பெட்டியும் மூலையும் அங்கே அவளுக்காகக் காத்திருந்தன.

புருஷனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தரம் வாயெடுத்தாள். ஆனால் அண்ணைக்கு ஒளித்து இளையதம்பிக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. அவனிடம் சொல்வதும் தபாலில் போடுவதும் ஒன்றுதான். அந்தக் கிழமை அவன் எழுதின கடிதத்துக்கு முத்திரை ஒட்டும்போது வாசித்தாள். மரம் வெட்டியதில் நான் கவனம் இல்லாமல் நீளத்தைக் கூட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். தன் பிழையை அந்த மனுஷன் தலையில் ஏற்றிவிட்டோமே என்று அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆவணியில் குடிபூரல். முதல்நாளே ஐயாத்துரை வந்து இறங்கினார். வேட்டி, சால்வை, குடை, பஞ்சாங்கம். விமலேஸ்வரிக்கு ஒரு பெட்டி நிறைய இனிப்பு. வீட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, "பரவாயில்லையே!" என்றார். யன்னலைத் தட்டிப் பார்த்தார். விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, நல்ல காத்து என்றார். அளவுப் பேச்சே இல்லை. மறந்துவிட்டார் போலும் என்று கமலாசனி ஊரிலுள்ள எல்லாத் தெய்வத்துக்கும் நேர்ந்தாள், இராயப்புவின் அந்தோனியாரையும் சேர்த்து.

விடிய, மாவிலை கட்டி, கோலம் போட்டு, மண்டபத்தில் மூன்று கல் வைத்துப் புதுப் பானை ஏற்றினார்கள். எட்டு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். எட்டு அடித்ததும் அடுப்பை மூட்ட வேண்டுமென்று விமலேஸ்வரிக்குச் சொல்லிவைத்திருந்தாள் கமலாசனி. அயலட்டையெல்லாம் வந்துவிட்டது. ஏரம்பு சட்டை போட்டு வந்திருந்தார். இராயப்பு பெண்சாதியோடு வந்திருந்தார்.

ஐயாத்துரை சால்வையை இறுக்கிக் கட்டினார். "தம்பி, வா. அளப்பம்."

அடுப்படியில் விமலேஸ்வரியை விட்டுவிட்டுக் கமலாசனியும் வெளியே ஓடினாள்.

வடக்குச் சுவரோரம், பின்மூலையில் இளையதம்பி நின்றான். வலது காலை வைத்து, அதன் நுனியில் ஒரு தடியால் கீறி, மறுபடி அதே காலை வைத்தான். சனமெல்லாம் கூடவே நகர்ந்து சத்தமாக எண்ணியது. பத்து. பதினொன்று. சனத்துக்கு உற்சாகம். பதினாறு, பதினேழு. இராயப்பு கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் சிலுவை போட்டார். பதினெட்டு. முன்மூலை வந்துவிட்டது.

ஐயாத்துரை கையைக் காட்டினார். இளையதம்பி நின்றான்.

"பதினெட்டு" என்றார் ஐயாத்துரை. அவருக்குக் கோபமில்லை. கவலைதான். "தம்பி, இது கூடாத கணக்கு. பிள்ளை குட்டியோடை நீ இதிலை இருக்கேலாது. பால் காய்ச்சவேண்டாம். வீட்டைப் பூட்டு."

"அத்தான்!" கமலாசனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அவரிலை பிழை இல்லை. மேசனிலையும் பிழை இல்லை. அண்டைக்கு இவர் வந்து சேரேல்லை, நேரம் போச்சு, நான்தான் என்ரை காலை அளக்கக் குடுத்தனான். வளையும் இவர் சரியாத்தான் வெட்டினவர். எல்லாம் நான் செய்தது. இந்தாங்கோ, பாருங்கோ."

சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்மூலைக்குப் போனாள். வலது காலை வைத்தாள். தானே எண்ணினாள். முதலில் குரல் எழும்பவில்லை. பத்துக்குப் பிறகு எழும்பியது. பதினைந்துக்குப் பிறகு சனமும் சேர்ந்துகொண்டது. முன்மூலையில் இளையதம்பியின் காலடியில் போய் முட்டியபோது இருபத்தொன்று. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஏரம்பு கை தட்டினார். ஐயாத்துரை அவரைப் பார்த்த பார்வையில் கை நின்றுவிட்டது.

"பொம்பிளையின்ரை காலாலை ஆராவது வீடு அளக்கிறதே? நான் வீட்டுக்காரரின்ரை காலடி எண்டு எழுதினனான். தம்பி, உனக்கு நான் வேறை சொல்லத் தேவையில்லை. நீ வாக்குத் தந்தனி. என்ன சொல்லுறாய்?"

இளையதம்பி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியே அண்ணை என்ற இரண்டு சொல்லுக்காகக் கமலாசனி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணை" என்றான் இளையதம்பி. "நான் இன்னும் அளந்து முடிக்கேல்லை."

முன்மூலையில் இருந்து காலை எடுத்து, விறாந்தையோரமாக வைத்தான். "பத்தொன்பது" என்றான். கீறினான். "இருபது." கீறினான். மூன்றாவது முறை வைத்த காலின் பெருவிரல், விறாந்தைத் தூணின் அடிக்கல்லில் போய் முட்டியது. மேலே ஆறு வளையும் அந்த இடத்தில்தான் முடிந்தன.

"இருபத்தொண்டு."

ஐயாத்துரை தூணைப் பார்த்தார், வளையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரின்ரை காலடிதான் கணக்கெண்டு நீங்கள் எழுதினது சரி அண்ணை. அப்பிடித்தான் கட்டியிருக்கு. வீடு அவாவின்ரை அடி. விறாந்தை என்ரை அடி" என்றான் இளையதம்பி. கொஞ்சம் நிறுத்தி, "நான் பூட்டமாட்டன்" என்றான்.

ஆறு வருடத்தில், ஏன், பிறந்த நாளில் இருந்து அவன் அண்ணைக்குச் சொன்ன முதல் 'மாட்டன்' அதுதான். சொன்னவனுக்கே வியர்த்துவிட்டது. கமலாசனி அவன் முகத்தைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். அதைப் பார்த்து இராயப்பு சிரித்தார், ஏரம்பு சிரித்தார், சனம் முழுக்கச் சிரித்தது. ஐயாத்துரை முகத்தை இறுக்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சால்வையால் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று.

"உனக்கு எப்பயடா தெரியும்?" என்று தம்பியைக் கேட்டார்.

"வளை ஏத்தின அண்டைக்கே. இவ மேலை ஏறி இருந்து இறங்கமாட்டன் எண்டேக்கை விளங்கிட்டுது. பின்னேரம் நடந்து பாத்தனான்."

"அப்ப ஏன் பிழை என்ரை எண்டு அத்தானுக்கு எழுதினனீங்கள்? ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?" கமலாசனி சண்டைக்கு வந்துவிட்டாள்.

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பதினெட்டிலை ஏன் நிண்டனீங்கள்? என்ரை சீவன் போட்டுதே!"

இளையதம்பி வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "அண்ணை கையைக் காட்டினார். பழக்கதோஷம், நிண்டிட்டன்."

அப்போதுதான் உள்ளேயிருந்து விமலேஸ்வரியின் குரல் வந்தது. "அம்மா! பால்!"

எட்டு மணி அடித்ததும், சொல்லி வைத்தபடியே பிள்ளை அடுப்பை மூட்டியிருக்கிறாள். பால் காய்ச்சவேண்டாம் என்று பெரியப்பா வெளியே சொன்னபோது உள்ளே பால் கொதிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் அடித்துப்பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள், வாசலால்தான். பானை பொங்கி, கல் நனைந்து, நெருப்பு அணைந்து, புகை மண்டியது. பால் எந்தப் பக்கம் முதலில் வழிந்தது என்று பார்த்துப் பலன் சொல்வதற்காகவும்தான் ஐயாத்துரை பரந்தன்வரை ரயிலேறி வந்திருந்தார். அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"பிள்ளை, எந்தப் பக்கமடி வழிஞ்சது?" என்று விமலேஸ்வரியைக் கேட்டார்.

பிள்ளை யோசித்துப் பார்த்தாள். "குசினிப் பக்கம் பெரியப்பா."

அவள் சொன்னது உண்மையோ, தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னதோ, தெரியாது. ஐயாத்துரை பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. பாலை முதலில் கமலாசனிக்குக் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்காரர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்க வேண்டும் என்றார்.